நடந்தே வாழ்ந்த ஜோடி!

ஒரு சின்ன கேள்வி. நீங்க பார்த்ததுல, கேள்விப்பட்டதுல சூப்பர் ஜோடி யாரு? சினிமா ஜோடியைச் சொல்லக் கூடாது. பக்கத்து பெஞ்ச் ஜோடியையும் சொல்லக் கூடாது, அது அடுத்த செமஸ்டர் வரைக்கும் தாங்குமான்னு அவங்களுக்கே தெரியாது!

என்னைக் கேட்டா யோசிக்காம சொல்வேன். கிருஷ்ணம்மாள் - ஜெகந்நாதன்.

"யாரு?"ன்னு புருவத்தைத் தூக்குறீங்களா? தப்பில்ல. நானும் தூக்கினவதான். இத்தனைக்கும் நான் பிறந்து வளர்ந்தது திண்டுக்கல். படிச்சது காந்திகிராமம். அந்தம்மா பிறந்த அய்யங்கோட்டை எங்க ஊர்ல இருந்து ஒரு பஸ் டிக்கெட் தூரம். நமக்குத்தான் தலப்பாக்கட்டு பிரியாணியோட வரலாறு தெரியும், சிறுமலை வாழைப்பழத்தோட பெருமை தெரியும், நம்ம மண்ணுல நடந்தவங்களைத் தெரியாதே!

முதல்ல என் கதையைச் சொல்லிடறேன். அப்பதான் இந்த ஜோடி என் வாழ்க்கைக்குள்ள ஏன் வந்தாங்கன்னு புரியும்.

ஜெராக்ஸ் கடை ரகசியம்

எங்க அப்பா பூட்டுப் பட்டறையில வேலை பார்க்கிறவர். பேச்சு ரொம்பக் கம்மி. "பூட்டு ஊர்க்காரர்ல, வாயையும் பூட்டி வச்சிருக்கார்"னு அம்மா கிண்டல் பண்ணும். அவருக்கு ஒரே பொழுதுபோக்கு நடை. விடியக்காலை அஞ்சரைக்கு எழுந்து மலைக்கோட்டையைச் சுத்தி ஒரு ரவுண்டு. சின்னப் பிள்ளையில என்னையும் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போவார். காலேஜ் போனதும் நான் தூங்க ஆரம்பிச்சேன். அவர் தனியா நடக்க ஆரம்பிச்சார்.

காலேஜ்ல எனக்கு ஒருத்தனைப் பிடிச்சது. ஒட்டன்சத்திரம் பக்கத்துப் பையன். வீட்டுல காய்கறி விவசாயம். நல்லவன், கொஞ்சம் மொக்கை ஜோக் அடிப்பான், மத்தபடி குறை சொல்ல எதுவும் இல்ல. ஒரே ஒரு பிரச்னை... அவன் வேற சாதி. நம்ம பக்கத்துல இது எவ்வளவு பெரிய பிரச்னைன்னு பேப்பர் படிக்கிற உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்ல.

அதனால என்ன பண்ணேன்? எல்லாரும் பண்றதைத்தான். போன்ல அவன் நம்பரை 'ஜெராக்ஸ் கடை'ன்னு சேவ் பண்ணி வச்சேன். ஒரு நாள் ராத்திரி பத்தரைக்கு போன் அடிச்சப்போ, எடுத்துப் பார்த்த அப்பா, "இந்நேரத்துக்கு ஜெராக்ஸ் கடை திறந்திருக்கா பாப்பா?"ன்னு கேட்டார். அவ்வளவுதான். வேற ஒரு வார்த்தை கேட்கல. போனை என் கையில கொடுத்துட்டுப் படுக்கப் போயிட்டார். அன்னைக்கு எனக்குத் தூக்கமே வரல. மாட்டிக்கிட்டேன்ங்கிற பயத்தைவிட, அப்பாகிட்ட பொய் சொல்லிட்டேன்ங்கிறதுதான் உறுத்துச்சு.

அந்த நேரத்துலதான் ஒரு அசைன்மென்ட் வந்தது. "உங்கள் மாவட்டத்தைச் சேர்ந்த ஒரு சமூகப் பணியாளர்." வழக்கம்போல காப்பி-பேஸ்ட் பண்ணிடலாம்னு உட்கார்ந்தேன். ஆனா ரெண்டாவது பாராவுலயே கை நின்னுபோச்சு.

ஒரு பணக்கார வீட்டுப் பையன், ஒரு கூலிக்காரம்மா பொண்ணு

கேளுங்க. ஜெகந்நாதன் அன்றைய ராமநாதபுரம் மாவட்டத்துல வசதியான சாதி இந்துக் குடும்பத்துல பிறந்தவர். 1930ல காந்தி ஒத்துழையாமைக்கு அழைச்சப்போ காலேஜ் படிப்பையே தூக்கிப் போட்டுட்டு வந்தவர். நம்ம மாதிரி அட்டெண்டன்ஸ் பத்தாம வெளியே வரல, மனசாரவே வெளியே வந்தார். 1942ல 'வெள்ளையனே வெளியேறு' போராட்டத்துல இறங்கி, மூன்றரை வருஷம் ஜெயில்.

கிருஷ்ணம்மாள் 1926ல பிறந்தவர். நிலம் இல்லாத தலித் குடும்பம். நிறைமாதக் கர்ப்பத்துலயும் கூலி வேலைக்குப் போன அம்மா நாகம்மாளைப் பார்த்து வளர்ந்த பொண்ணு. ஊரான் வயல்ல நாள் முழுக்கக் குனிஞ்சு நிக்கிறவங்களுக்கு, நிமிர்ந்து நிக்க ஒரு துண்டு நிலம் கிடையாது. இந்தக் கணக்கு எங்கேயோ தப்பா இருக்கேன்னு சின்ன வயசுலயே அவங்களுக்குத் தோணியிருக்கு. மதுரையில அவங்க படிக்கிறதுக்குக் கைகொடுத்தவர் டாக்டர் சௌந்தரம். டி.வி.எஸ். குடும்பத்துப் பொண்ணு.

இங்க ஒரு சின்ன பிளாஷ்பேக். இந்த சௌந்தரம் அம்மாவும் லேசுப்பட்டவங்க இல்ல. சின்ன வயசுல கணவரை இழந்து, டாக்டருக்குப் படிச்சு, கேரளத்துக்காரரான ஜி.ராமச்சந்திரனை 1940ல மறுமணம் செஞ்சுக்கிட்டவங்க. விதவை மறுமணம், அதுலயும் வேற சாதி, வேற மொழி. அந்தக் காலத்துல! இந்த ரெண்டு பேரும் சேர்ந்துதான் 1947ல சின்னாளப்பட்டி பக்கத்துல காந்திகிராமத்தைத் தொடங்கினாங்க. தினமும் அந்தக் கேட்டுக்குள்ள நுழைஞ்சு போன நான், ஒரு காதல் ஜோடி கட்டின இடத்துல உட்கார்ந்துதான் என் காதலை ஒளிச்சு வச்சிருந்திருக்கேன். எப்படி இருக்கு பாருங்க!

சரி, விஷயத்துக்கு வருவோம். ஜெகந்நாதனும் கிருஷ்ணம்மாளும் காந்தியப் பணியில சந்திச்சாங்க. "சுதந்திர இந்தியாவுலதான் கல்யாணம்"னு முடிவு பண்ணி வச்சிருந்தாங்க. அப்படியே 1950ல கல்யாணம் நடந்தது.

நாமும்தான் வெயிட் பண்றோம்... வேலை கிடைக்கட்டும், அக்கா கல்யாணம் முடியட்டும்னு. ஆனா அவங்க வெயிட் பண்ணதுக்கும் நாம வெயிட் பண்றதுக்கும் ஒரு வித்தியாசம் இருக்கு. அவங்க காரணத்தை வெளியில சொல்லிட்டுக் காத்திருந்தாங்க. நாம ஒளிஞ்சுக்கிட்டுக் காத்திருக்கோம்.

ஹனிமூன் எங்கே தெரியுமா?

கல்யாணம் ஆச்சு. அப்புறம்? ஊட்டியா, நம்ம கொடைக்கானலா? ரெண்டும் இல்ல. அவர் வடக்கே போய் வினோபாவோட பாத யாத்திரையில சேர்ந்துட்டார். இவங்க சென்னைக்கு ஆசிரியர் பயிற்சிக்குப் போயிட்டாங்க. கிட்டத்தட்ட ரெண்டு வருஷம் ஆளுக்கொரு திசை. வீடியோ கால் இல்ல, 'சாப்பிட்டியா' மெசேஜ் இல்ல. இன்னைக்கு ப்ளூ டிக் விழுந்து அஞ்சு நிமிஷத்துல ரிப்ளை வரலைன்னா நமக்கு பிரேக்-அப் மூட் வந்துடுது!

வினோபா என்ன பண்ணார்னு தெரியாதவங்களுக்கு... 1951 ஏப்ரல்ல தெலங்கானாவுல போச்சம்பள்ளிங்கிற கிராமத்துல ஆரம்பிச்சது பூதானம். ஊர் ஊரா நடந்து போய், நிலம் வச்சிருக்கிறவங்ககிட்ட "இல்லாதவனுக்கும் ஒரு பங்கு கொடு"ன்னு கேட்கிற இயக்கம். அடிதடி இல்ல, மிரட்டல் இல்ல. நடக்கணும், கேட்கணும், அவ்வளவுதான்.

ஜெகந்நாதன் திரும்பி வந்து தமிழ்நாட்டுல அந்த வேலையைத் தூக்கிச் சுமந்தார். அப்புறம் ரெண்டு பேருமா நடந்தாங்க. 1956-57ல வினோபாவே தமிழ்நாட்டுல நடந்து வந்தார். அப்போ திண்டுக்கல் தனி மாவட்டம் கிடையாது, 1985 வரைக்கும் மதுரையோடதான் இருந்தது. ஊர் மொத்தமும் நிலத்தைப் பொதுவாக்கிக்கிற கிராமதானத்துல அந்த மதுரை மாவட்டம் பேர் வாங்கினது. நாம பஸ்ஸுல ஜன்னலோரம் உட்கார்ந்து பாட்டு கேட்டுக்கிட்டே கடந்து போற இந்தச் சமவெளி... தென்னந்தோப்பு, கண்மாய்க்கரை, சோளக்கொல்லை, வரப்பு... இதுதான் அவங்க குடும்பம் நடத்தின இடம்னு சொல்லணும்.

வெயில்ல நடை, மரத்தடியில கூட்டம். வெளி உலகத்தை ரசிக்கிறதுன்னா நமக்கு மலையேறி செல்பி எடுக்கிறது. அவங்களுக்கு மண்ணுன்னா, அது யார் கையில இருக்குங்கிற கேள்வியும் சேர்த்து.

எல்லாமே வெற்றின்னு நான் அளக்க மாட்டேன். பூதானத்துல வந்த நிலத்துல நிறைய கல்லும் முள்ளுமா இருந்தது. பத்திரத்தோட நின்னுபோனது, பங்கு போடவே முடியாம போனது எல்லாம் உண்டு. அதைப் பார்த்து இவங்க வீட்டுல போய் உட்கார்ந்துடல. அதுதான் எனக்குப் பிடிச்சது.

44 பேர்

1968 டிசம்பர் 25. கிறிஸ்துமஸ் ராத்திரி. கீழத் தஞ்சையில கீழ்வெண்மணி கிராமம். கூலி உயர்வு கேட்ட தலித் விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர், ஒரு குடிசைக்குள்ள வச்சு எரிக்கப்பட்டாங்க. பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும்.

அந்தச் செய்தியைக் கேட்டு தமிழ்நாடே அதிர்ந்தது. இந்த ரெண்டு பேரும் என்ன பண்ணாங்க தெரியுமா? வேலையைத் தஞ்சைப் பக்கம் மாத்திக்கிட்டாங்க. பழகின ஊர், பழகின மலை எல்லாத்தையும் விட்டுட்டு, நெருப்பு எரிஞ்ச இடத்துக்கே போனாங்க. அப்போ அவங்களுக்கு சின்ன வயசு இல்ல. அவர் ஐம்பதைத் தாண்டிட்டார், அவங்க நாற்பதைத் தாண்டிட்டாங்க. வீட்டுல ஒரு பையன், ஒரு பொண்ணு. பையன் பேர்லயே 'பூமி' இருக்கு. இதைவிட வேற என்ன வேணும், இவங்க மனசு எங்க இருந்ததுன்னு சொல்ல? அந்த ரெண்டு பிள்ளைகளும் பின்னாடி டாக்டர் ஆனாங்க.

1981ல 'லாப்டி'ங்கிற அமைப்பை ஆரம்பிச்சாங்க. உழுபவனுக்கே நிலம்ங்கிறதுதான் அதோட நோக்கம். இதுல ஒரு ஸ்மார்ட்டான வேலை இருக்கு. இந்தத் தடவை தானமா கேட்கல. நிலம் வச்சிருக்கிறவர்கிட்டயும் பேசி, வாங்குறவங்ககிட்டயும் பேசி, நியாயமான ஒரு விலைக்குக் கொண்டு வந்து, கடனுக்கு ஏற்பாடு பண்ணி, குடும்பத்துக்கு ஒரு ஏக்கர் கணக்குல வாங்கிக் கொடுக்கிறது. பத்திரம் யார் பேர்ல? வீட்டுப் பெண்கள் பேர்ல! 2007 வாக்குல சுமார் 13,000 ஏக்கர் நிலம், சுமார் 13,000 குடும்பங்களுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. நிறைமாதத்துல கூலிக்குப் போன நாகம்மாளை நினைச்சுப் பாருங்க. அவங்க பொண்ணு, அவங்களை மாதிரியே கூலிக்குப் போன அம்மாக்கள் பேர்ல நிலத்தைப் பதிய வச்சிருக்காங்க.

எண்பது வயசுலயும் அடங்கல

தொண்ணூறுகள்ல நாகப்பட்டினம் கடலோரத்துல இறால் பண்ணைகள் மளமளன்னு முளைச்சது. வயலுக்குள்ள உப்பு ஏறுது, குடிதண்ணி கெடுதுன்னு ஜனங்க தவிச்சாங்க. அப்போ ஜெகந்நாதன் எண்பது வயசை நெருங்கினவர். ஈஸி சேர்ல சாய வேண்டிய வயசு. அவர் சுப்ரீம் கோர்ட் படியேறினார். 1996 டிசம்பர் 11ல தீர்ப்பு வந்தது. கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள்ள இறால் பண்ணை கூடாதுன்னு சொன்ன தீர்ப்பு. சட்டம் படிக்கிற பிரெண்ட்ஸ், உங்க சுற்றுச்சூழல் சட்டப் பாடத்துல 'எஸ்.ஜெகந்நாத் எதிர் இந்திய அரசு'ன்னு ஒரு கேஸ் வருமே, அது இவர்தான்! 2005ல தனிச் சட்டம் வந்து நிலைமை மாறினது வேற கதை. ஆனா அந்த வயசுல ஒரு மனுஷர் எழுந்து நின்னார்ல?

2008ல 'மாற்று நோபல்'னு சொல்லப்படற ரைட் லைவ்லிஹுட் விருது, ரெண்டு பேருக்கும் சேர்த்துக் கிடைச்சது. அவர் ஒரு ஆளு, அவருக்குப் பின்னாடி இவங்கன்னு இல்ல. ரெண்டு பேரோட முழு வாழ்க்கைக்கும் சேர்த்து ஒரே மரியாதை. கல்யாணப் பத்திரிகையில பேர் சேர்ந்து அச்சாகுறது ஈஸி பாஸ். 58 வருஷம் கழிச்சு விருதுலயும் பேர் சேர்ந்து வர்றதுக்கு எவ்வளவு நடந்திருக்கணும்!

2013 பிப்ரவரி 12ல, கிட்டத்தட்ட நூறு வயசுல ஜெகந்நாதன் காலமானார். கிருஷ்ணம்மாள் அதுக்கப்புறமும் வேலையை விடல. 1989லயே பத்மஸ்ரீ வாங்கின அவங்களுக்கு 2020ல பத்மபூஷண் அறிவிச்சாங்க. அப்போ அவங்களுக்கு வயசு 93.

அப்பாவும் நானும் ஒரு ரவுண்டும்

அசைன்மென்ட் முடிச்சேன். நல்ல மார்க்கும் வந்தது. ஆனா அது முடிஞ்ச பிறகும் ஒரு விஷயம் மனசை விட்டுப் போகல. இந்த ஜோடியோட வாழ்க்கையில மூடி வச்சது ஒண்ணுமே இல்ல. கல்யாணம் ஊரறிய, போராட்டம் ஊரறிய, ஜெயிலும் ஊரறிய. வெட்டவெளியில வாழ்ந்திருக்காங்க. நானோ ஒரு நல்ல பையனை ஜெராக்ஸ் கடையாக்கி வச்சிருக்கேன். அவன்மேல தப்பில்ல, என் காதல்மேலயும் தப்பில்ல. தப்பு செய்யாத ஒண்ணை நானே திருட்டுத்தனமா ஆக்கிட்டேனே!

போன மாசம் ஒரு நாள் அஞ்சரைக்கு எழுந்தேன். அப்பா செருப்பு மாட்டிட்டு இருந்தார். "நானும் வர்றேம்ப்பா"ன்னேன். ஒரு நிமிஷம் பார்த்துட்டு, "வா"ன்னார்.

பாதி தூரம் ஒண்ணும் பேசல. கோட்டை மேல மட்டும் வெயில் பட்டு, கீழ ரோடு இன்னும் நிழலா இருந்தது. அப்பதான் சொன்னேன். பேர், ஊர், சாதி எல்லாத்தையும். ஜெராக்ஸ் கடையையும் சொன்னேன். "ஓடிப் போக மாட்டேன்ப்பா. நீங்க யோசிக்கிற வரைக்கும் காத்திருக்கேன். ஆனா வேற யாரையும் கட்டிக்கவும் மாட்டேன்"னேன். குரல் நடுங்கிச்சு, காலும்தான்.

அப்பா பதிலே சொல்லல. நடையையும் நிறுத்தல. மெதுவா மட்டும் நடந்தார். வழக்கமான டீக்கடையில ரெண்டு டீ சொன்னார். என் டீயை அவரே ஆத்திக் கொடுத்தார். வீட்டு வாசல்ல நின்னு, "நாளைக்கும் எந்திரிச்சுடு பாப்பா"ன்னார்.

விஷயம் தெரிஞ்சு அம்மா ரெண்டு நாள் அழுதாங்க. அப்புறம் சாப்பாடு மட்டும் போட்டாங்க, பேச்சு இல்ல. இப்போ கொஞ்சம் பேசுறாங்க. அப்பாகிட்ட இருந்து சம்மதமும் வரல, மறுப்பும் வரல. ஆனா தினமும் காலையில அஞ்சரைக்கு என் ரூம் கதவைத் தட்டுறார். நாங்க ஒரு ரவுண்டு நடக்கிறோம். நேத்து, சும்மா கேட்கிற மாதிரி, "ஒட்டன்சத்திரத்துல தக்காளி என்ன விலையாம்?"னு கேட்டார். நான் போன் பண்ணிக் கேட்டுச் சொன்னேன். இப்போ போன்ல அவன் சொந்தப் பேர்லயே இருக்கான்.

உங்களுக்கும் ஒரு வார்த்தை. எல்லா வீட்டு அப்பாவும் எங்க அப்பா மாதிரி இருக்க மாட்டாங்க, எனக்குத் தெரியும். உயிருக்கே பயம் இருக்கிற வீட்டுல போய் தைரியமா உடைச்சுப் பேசுங்கன்னு நான் சொல்ல மாட்டேன். அப்படிப்பட்ட ஜோடிகளுக்குப் பாதுகாப்பு கொடுக்க மாவட்டம்தோறும் தனிப்பிரிவு வேணும்னு 2018ல சுப்ரீம் கோர்ட் உத்தரவு போட்டிருக்கு. தேவைப்பட்டா தயங்காம உதவி கேளுங்க, நம்பிக்கையான பெரியவங்களைக் கூட வச்சுக்கோங்க.

ஆனா பேச முடியுற வீடா இருந்தா... ப்ளீஸ், ஒளிச்சு வைக்காதீங்க. கல்யாணம் எப்போங்கிறது அப்புறம். அதுவரைக்கும் காத்திருக்கிறதை வெளிச்சத்துல காத்திருக்கலாமே. உங்க அப்பாவோ அம்மாவோ காலையில நடக்கப் போறவங்களா? நாளைக்கு அலாரம் வச்சுட்டு நீங்களும் கூடப் போய்ப் பாருங்க.

முதல் நாளே எல்லாத்தையும் சொல்லணும்னு இல்ல. முதல்ல கூட நடங்க.